நாச்சியார் செய்த பிழை

கூகைக்குன்றத்தின் உச்சியில் கருங்கல்லால் எழும்பி நின்ற கோட்டையின் நிழல், நீலியாற்றின் மணற்பரப்பைத் தாண்டிக் கீழ்க்கரை வரையில் நீண்டு விழுந்துகிடந்த அந்த அந்திப் பொழுதில், கரையோரம் விரிந்திருந்த பாசறையில் ஆயிரத்து இருநூறு வீரர்களில் காவலுக்குப் போகாத அத்தனை பேரும் கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் கொடிமரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். குளித்துக் கரையேறிய யானைகள் நீர் சொட்டச் சொட்ட நின்றன. நாணற்காட்டுக்கு மேலே நாரைகள் வரிசை கட்டிப் பறந்து அடைக்கலம் தேடின. அடுப்புகளில் பொங்கிக்கொண்டிருந்த சோற்றைக் கிளறிவிடக்கூட ஆள் இல்லை. நேயர்களே, ஒரு பாசறையில் அந்தி நேரத்தில் இப்படிக் கூட்டம் கூடினால், ஒன்று பகைவன் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூத்து நடக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. தங்கள் தலைவி அன்று செய்த பிழை என்ன என்று கேட்பதற்காகவே அவர்கள் கூடினார்கள்.

சிரிக்க வேண்டாம். ஏழூர் நாட்டை ஆண்ட குடியில் இது மூன்று தலைமுறை வழக்கம். இப்போது படை நடத்தி வந்திருக்கும் கொற்றி நங்கையின் பாட்டனார் ஒரு போரில் பாதை தவறிப் படையைச் சதுப்பு நிலத்தில் இறக்கிவிட்டார். அது தவறான பாதை என்பது முன்னணியில் நடந்த அத்தனை பேருக்கும் தெரியும். தலைவரிடம் சொல்வதற்குத்தான் ஒருவருக்கும் நா எழவில்லை. எழுநூறு பேர் சேற்றில் போனார்கள். உயிரோடு திரும்பிய பாட்டனார் முதல் வேலையாக ஒரு முரசு செய்யச் சொன்னார். படை நடத்துபவர் செய்த பிழையை யார் வேண்டுமானாலும் முரசறைவோனிடம் சொல்லலாம். முரசறைவோன் அதை விளக்கு வைக்கும் நேரத்தில், சொன்னவர் பெயரோடு, படை முழுவதும் கேட்க அறைய வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்று நாமெல்லாம் சொல்கிறோம். சறுக்கிய யானையிடமே போய் அதைச் சொல்ல அந்தக் குடி ஒரு வழி கண்டுபிடித்தது.

கூட்டத்தின் ஓரத்தில், வேப்பெண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றான். பெயர் ஐயாறன். இந்தப் பாசறையில் ஒன்பது நாளாகக் குதிரை வைத்தியன். அதற்கு முன்பும் அவன் குதிரை வைத்தியன்தான். ஆனால் அவன் வைத்தியம் பார்த்த குதிரைகள் எதிரே குன்றின்மேல் இருந்தன. மறைப்பானேன், கூகைக்குன்றத்துக் கோளரி மழவராயர் அனுப்பிய ஒற்றன் அவன்.

மழவராயர் தம் குன்றுக்கு அப்பால், ஆறு வரும் திசையில், நீலியாற்றின் குறுக்கே இருந்த பெரிய மதகை அடைத்துக்கொண்டதால் ஏழூர் நாட்டு வயல்கள் வெடித்துக் கிடந்தன. மூன்று முறை ஓலை அனுப்பியும் பதில் இல்லாமற்போகவே கொற்றி நங்கை படையோடு வந்து எதிர்க்கரையில் கூடாரம் அடித்துவிட்டாள். "அந்தப் பெண்ணின் காவலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து வா" என்பதுதான் ஐயாறனுக்கு இடப்பட்ட கட்டளை. ஓட்டை தெரிந்தால் அதன் வழியாகப் பாயப்போகும் இருநூறு பேருக்குத் தலைவன் சாத்தன். சாத்தன் ஐயாறனின் தமையன். தகப்பன் முகம் தெரியாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். தான் கொண்டுபோகும் செய்தி பொய்த்தால் முதல் அம்பு யார் மார்பில் தைக்கும் என்பது ஐயாறனுக்கு நன்றாகத் தெரியும். அந்த நினைவு ஒன்பது நாளும் அவன் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

முதல் நாள் அந்தியில் முரசு கேட்டபோது அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இன்று நாச்சியார் செய்த பிழை: காவலில் தூங்கியவன் என்று பூவனைத் தண்டித்தார். தூங்கியவன் பூவன் அல்லன். கண்டு சொன்னவன் உண்மையில் தூங்கிய நம்பி." ஒரு தலைவியின் மானம் இப்படிச் சந்தி சிரிக்கிறதே என்று அவனுக்கு வியப்பு. நான்காம் நாள் இன்னும் வேடிக்கை. அன்று பிழை எதுவும் வந்து சேரவில்லை என்று முரசறைவோன் காரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மடைப்பள்ளியிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். "மிளகுச் சாறு அருமை என்று நாச்சியார் புகழ்ந்தார். அவர் அதைத் தொடவே இல்லை. கிண்ணம் நிரம்பியபடியே திரும்பி வந்தது." காரி அதையும் அறைந்தான். காரி குட்டையான உடலும் சரிந்த தொந்தியும் உள்ளவன். குரல் மட்டும் வெண்கலம். அந்தக் குரலில் மிளகுச் சாறு பாசறையின் கடைசிக் கூடாரம் வரை கேட்டது.

அந்தக் கொற்றி நங்கை எப்படி இருப்பாள் என்று நேயர்கள் கேட்கலாம். மதி முகம், வேல் விழி, அன்ன நடை என்று அடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் வெயிலில் கருத்தவள். மூக்கின்மேல் ஒரு பழைய தழும்பு. குரல் கரகரப்பு. நடை அன்னத்தைவிட வேகம். பேசுவதைக் காட்டிலும் கேட்பது அதிகம். கேட்டுவிட்டு, பதில் முடியும் வரை காத்திருக்கும் விசித்திரமான பழக்கம் வேறு இருந்தது.

ஐயாறனிடமும் கேட்டாள். வந்த முதல் நாளே, "வைத்தியரே, இங்கே என்ன குறை கண்டீர்?" என்றாள்.

"குறையா? ஒன்றும் இல்லை, நாச்சியாரே. எல்லாம் நிறைவாக இருக்கின்றன."

அவள் இலேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் மீண்டும் கேட்டாள். மீண்டும் அவன் அதே பதிலைச் சொன்னான். குன்றின்மேல் இருபது வருடம் சொல்லிப் பழகிய பதில் அல்லவா? நாக்கு தானாகவே அதைச் சொல்லிற்று.

ஏழாம் நாள் அவள் தன் குதிரையைத் தானே பிடித்துக்கொண்டு வந்தாள். "செங்கால் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. என்ன என்று பாரும்."

ஐயாறன் குதிரையின் உதட்டை விலக்கினான். கடிவாள இரும்பு வாயோரத்தைக் கிழித்துப் புண்ணாக்கியிருந்தது. 'ஈக்கடி, நாச்சியாரே' என்ற சொல் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. மழவராயரின் குதிரைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் அந்தக் குதிரை கண்ணில் நீர் வழிய அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒற்றனை ஒதுக்கித் தள்ளிவிட்டு வைத்தியன் பேசினான்.

"இடக்கையால் கடிவாளத்தை வெட்டி இழுக்கிறீர்கள். வலத்தோளில் பழைய காயம் இருக்கிறது போலும். அந்த வலிக்கு இந்த வாயில்லாச் சீவன் பலியாகிறது."

அவள் அவனைப் பார்க்கவில்லை. குதிரையைத்தான் பார்த்தாள். "எத்தனை நாளாக?"

"ஐந்தாறு நாள் இருக்கும்."

"ஐந்தாறு நாளாகப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தீரா?"

அவன் குனிந்து புண்ணைத் துடைத்தான். அவள் அங்கேயே கடிவாள இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தென்ற கயிற்றை முகத்தில் பூட்டச் சொன்னாள். "காரியிடம் சொல்லிவிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஐயாறன் அவள் போன திசையைத் தேவைக்கு மேல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். குதிரையின் நன்மையை எண்ணிப் பார்ப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒற்றனுக்கு முதல் இலக்கணம் பெயரும் முகமும் வெளியில் தெரியாமல் இருப்பது. அன்று அந்தியில் ஐயாறனின் பெயர் முரசில் ஏறி ஆயிரத்து இருநூறு பேர் காதிலும் விழுந்தது. பந்தியில் அவனுக்கு ஓர் அகப்பை கஞ்சி கூடுதலாக ஊற்றினார்கள்.

இனி ஒன்பதாம் நாள் அந்திக்கு வருவோம். காரி மேடையேறி மூன்று முறை அறைந்தான்.

"ஏழூர் நாட்டுப் படையினரே, கேளுங்கள். இன்று நாச்சியார் செய்த பிழை: வடதுறையில் வெள்ளம் ஆளை மூழ்கடிக்கும் என்று எண்ணி அங்கிருந்த காவலில் நூறு பேரை விலக்கினார். வடதுறையில் இப்போது நீர் முழங்காலளவுதான். கண்டு சொன்னவன் செம்படவன் தொண்டன்."

கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. ஐயாறன் வடதுறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒன்பது நாள் தேடிய ஓட்டையை முரசறைந்து கையில் கொடுத்துவிட்டார்களே! புண்ணுக்குப் பச்சிலை பறிப்பதாகக் காவலனிடம் சொல்லிவிட்டு, செவ்வொளி மங்குவதற்குள் நாணற்காட்டில் புகுந்து, கோட்டையடிக் கசத்தில் இறங்கினான். எந்தக் கோடையிலும் வற்றாத ஆழமான மடு அது.

பாதி ஆறு நீந்தியிருப்பான். குளிர்ந்த நீர் கழுத்தைச் சுற்றிக்கொண்டபோது ஓர் எண்ணம் வந்தது. செங்காலின் கடிவாளத்தை அவள் கழற்றிய பிறகுதானே முரசு அறைந்தார்கள்? பூவனிடம் அவள் நேரில் போய், பறித்த வாளைத் திருப்பிக் கொடுத்தது அன்று காலையிலேயே அல்லவா? ஒன்பது நாளில் ஒரு நாளாவது திருத்தப்படாத பிழையைக் காரி அறைந்தது உண்டா? இல்லை. ஒருநாள்கூட இல்லை. பிழையை மூடி மூடி வைக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு, வெளியில் சொல்லப்பட்ட பிழை அப்படியே கிடக்கும் என்றுதான் தோன்றும். கிடக்காது. வடதுறை நாணலில் இந்நேரம் ஆட்கள் படுத்திருப்பார்கள். ஐயாறனுக்கு அது ஐயமாகத் தோன்றவில்லை, பார்த்ததுபோலவே தெரிந்தது.

இது தெரிந்துதான் அவன் திட்டிவாசல் வழியாகக் கோட்டைக்குள் நுழைந்தான். தெரிந்துதான் மண்டபத்தில் மழவராயர் முன் போய் நின்றான்.

கோளரி மழவராயரைக் கோழை என்று எவனாலும் சொல்ல முடியாது. மார்பில் இரண்டு வாள் தழும்புகள். சிங்கத்தை ஒத்த தோள். படியளப்பதில் தாராளம். அவரிடம் எந்தக் குறையும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். ஐந்து மாதத்துக்கு முன் பண்டாரக் காவலன் ஒருவன், குதிரில் நெல் மக்குகிறது என்று சொன்னான். அவனையே காலிக் குதிர் ஒன்றில் இறக்கி மூடினார்கள். மூன்றாம் நாள் வெளியே எடுத்தபோது அவனுக்குப் பேச்சு போயிருந்தது. அதற்குப் பிறகு கூகைக்குன்றத்தில் நெல் மக்கவே இல்லை.

"சொல்" என்றார் மழவராயர்.

"அரசே, வடதுறையில் நீர் முழங்காலளவே. காவலில் நூறு பேரை விலக்கியிருக்கிறார்கள். அது பிழை என்று அவர்களே முரசறைந்தார்கள்."

மழவராயர் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபமும் சிரித்தது. "தன் பிழையைத் தானே பறையறைந்து கொள்பவளா ஒரு தலைவி? இவளிடம் இத்தனை நாள் நாம் பொறுத்திருந்ததே அதிகம். சாத்தா, விடியலில் இருநூறு பேரோடு வடதுறையைக் கடந்து போ."

"உத்தரவு, அரசே" என்றான் தூணோரம் நின்ற சாத்தன்.

"ஆனால், அரசே..." என்றான் ஐயாறன்.

அந்தச் சொல் விழுந்ததும் ஓலை எழுதியவனின் எழுத்தாணி நின்றது. கவரி வீசியவள் கையை இறக்கிக்கொண்டாள். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். மழவராயர் கோபப்படவில்லை. மிகவும் மெதுவாக, கனிவாகவே, "ஆனால்?" என்று கேட்டார். காலிக் குதிரின் இருட்டு ஐயாறனின் கண்முன் வந்து நின்றது.

"ஆனால்... வெற்றி நமதே என்று சொல்ல வந்தேன்."

மழவராயர் தம் விரலிலிருந்த கணையாழியைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தார். அதை அணிந்துகொண்டபோது ஐயாறனுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைத் தானே இவ்வளவு வெறுத்த நேரம் அவன் வாழ்நாளில் வேறு இல்லை.

மண்டபத்திலிருந்து நேரே தமையனிடம் ஓடினான். சாத்தன் கேடயத்தின் தோல்வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, போகாதே. அங்கே ஆள் வைத்திருப்பார்கள்" என்று மூச்சு வாங்கச் சொன்னான். ஆற்று நடுவில் தோன்றியது முழுவதையும் சொல்லி முடித்தான்.

சாத்தன் வாரை விடவில்லை. "இதை மண்டபத்தில் ஏன் சொல்லவில்லை?"

"குதிர் நினைவுக்கு வந்துவிட்டது."

"உம். வரும்தான்." முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினான். "தம்பி, எனக்குக் கட்டளை வந்தாயிற்று. நீ காதோடு சொன்னதை நம்பி நான் நின்றுவிட்டால், இருநூறு பேர் கண்ணில் நான் கோழை. காதோடு சொன்னால் அது அண்ணன் தம்பி பேச்சு. சபையில் சொல்லியிருந்தால் அது செய்தி. செய்தி கேட்டு நிற்பவனை யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள்."

"என்மேல் கோபமா, அண்ணா?"

"கோபம் என்ன கோபம். நானும் அந்தத் தூணோரம்தானே நின்றேன். உன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ எதையோ விழுங்குகிறாய் என்று. நான் மட்டும் வாயைத் திறந்தேனா?" சாத்தன் தம்பியின் தலையில் கை வைத்தான். "போய்ப் படு."

ஐயாறன் படுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிழக்கு வெளுத்தது. கோட்டை வாயிலுக்குள் இருநூறு பேர் வரிசை கட்டி நின்றார்கள். மேல்மாடத்தில் மழவராயர் வாழ்த்துச் சொல்ல வந்து நின்றார். வாயில் கோபுரத்தின்மேல் போர்முரசு இருந்தது. அதை அடிக்க வேண்டியவன் இன்னும் படியேறவில்லை. அவனுக்கு முன்னால் வேறொருவன் ஏறிப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

முரசு மூன்று முறை ஒலித்தது. பழக்கமில்லாத கை. மூன்றும் மூன்று விதமாக விழுந்தன.

"கூகைக்குன்றத்துப் படையினரே, கேளுங்கள்." குரல் பிசிறியது. காரியின் வெண்கலத் தொண்டைக்கு எங்கே போவது? மீண்டும் தொடங்கினான். "நேற்று ஒற்றன் ஐயாறன் செய்த பிழை: வடதுறைக் காவல் குறைந்திருக்கிறது என்று சொன்னான். அது திருத்தப்பட்டிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். நாணலில் ஆள் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் குதிருக்கு அஞ்சி மண்டபத்தில் சொல்லாமல் விட்டான். சொல்லாததற்குக் கணையாழியும் வாங்கிக்கொண்டான். கண்டு சொன்னவன் ஐயாறனே."

கணையாழியைக் கழற்றி முரசின்மேல் வைத்தான். கீழே ஒரு கால்கூட அசையவில்லை.

"அவனை எய்து வீழ்த்துங்கள்" என்றார் மழவராயர்.

இருநூறு பேரும் அப்படியே நின்றார்கள். ஒரு கையும் வில்லுக்குப் போகவில்லை. முன்வரிசையிலிருந்து சாத்தன் வெளியே வந்தான். "என் தம்பி, அரசே. நானே எய்கிறேன்" என்று சொல்லி நாணேற்றினான். அறுபது அடித் தூரத்தில் ஆடும் மாங்காயின் காம்பை அறுப்பவன் அவன் என்பது கோட்டையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஐயாறன் ஓடவில்லை. தமையன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்பு அவனுக்கு ஒரு சாண் தள்ளி முரசின் தோலைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

சாத்தன் வில்லைத் தாழ்த்தினான். மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தான். "குறி தவறிவிட்டது, அரசே. என் பிழை."

அந்த முற்றத்தில் இருபது ஆண்டுகளாக ஒருவர் வாயிலும் வராத சொல் அது. இப்போது விடிவதற்குள் இரண்டு முறை வந்துவிட்டது. முதல் அடி விழுந்தால் மற்றவை தாமாக விழும் என்பார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். "அரசே, என் கேடயத்தின் பிடி முறிந்து ஒரு மாதமாகிறது. சொல்லப் பயந்தேன்." பின்னாலிருந்து இன்னொருவன், "குதிரில் நெல் மக்கிவிட்டது, அரசே. நாங்கள் உண்பது அதைத்தான்" என்றான். "என் குதிரைக்கு ஒரு கண் தெரியாது" என்றான் மற்றொருவன்.

மழவராயரின் முகம் எப்படிப் போயிற்று என்பதைப் பார்க்க ஐயாறனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாடத்துக் காவலர் இருவர் படியேறி வருவதைக் கண்டவன் கோபுரத்தின் ஆற்றுப் புறத்துக்கு ஓடினான். கீழே கசம் கருநீலமாகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்துவிட்டான்.

அவனை நீரிலிருந்து கரையில் இழுத்துப் போட்டவர்கள் ஏழூர் நாட்டு வீரர்கள். "வைத்தியரே, பச்சிலை பறிக்க இவ்வளவு ஆழமா?" என்று ஒருவன் கேட்டான். ஈரம் சொட்ட அவனைக் கொற்றி நங்கையின் முன் நிறுத்தினார்கள். அவள் செங்காலுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாச்சியாரே, நான் வைத்தியன் மட்டும் அல்லன்" என்றான் ஐயாறன்.

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"முதல் நாளிலிருந்து. இந்தப் பாசறையில் குறை சொல்லாத ஆள் கிடையாது. சோறு குழைந்தது என்பான், கூடாரம் ஒழுகுகிறது என்பான், என் குரல் கர்ணகடூரம் என்றுகூடச் சொன்னான் ஒருவன். 'எல்லாம் நிறைவாக இருக்கின்றன' என்று சொன்னவர் நீர் ஒருவர்தான். அந்தப் பதிலை எந்த மண்டபத்தில் கற்றுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?"

"தெரிந்தும் ஏன் விட்டுவைத்தீர்கள்?"

"குதிரைக்கு வைத்தியர் வேண்டும். அதோடு..." அவள் புல்லின் துணுக்கைக் கையிலிருந்து தட்டிவிட்டாள். "ஏழாம் நாள் நீர் என் முகத்துக்கு நேரே உண்மை சொன்னீர். அதற்குப் பிறகு உம்மைப் பிடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பேர் வருவதாக இருந்தது?"

"அதைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்கள் என் மக்கள். நான் உங்கள் பக்கம் சேர வரவில்லை, போக வேறு இடம் இல்லாமல் வந்தேன். என் தமையன் அங்கே இருக்கும் வரை அந்தக் கோட்டைக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்."

"சரி" என்றாள் அவள். மறுபடி ஒரு பிடி புல்லை எடுத்துக் குதிரைக்கு நீட்டினாள்.

அவனே தொடர்ந்தான். "ஒன்று மட்டும் சொல்லலாம். இன்று யாரும் வர மாட்டார்கள். நாணலில் படுத்திருப்பவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள். அங்கே அட்டை அதிகம்."

கொற்றி நங்கை அவனைக் கூர்ந்து பார்த்தாள். அவள் வாயோரம் துடித்தது. "இதைக் காரியிடம் சொல்லிவிடும்."

பகல் முழுவதும் ஐயாறன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கோட்டை வாயிலின்மேல் பறந்த பச்சைக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சாத்தனின் கொடி. படைத்தலைவனை நீக்கினாலோ கொன்றாலோ அது இறங்கிவிடும். உச்சிவேளையில் காற்று நின்று கொடி துவண்டபோது அவன் உயிரும் துவண்டது. காற்று எழுந்தது. கொடியும் எழுந்தது. அந்தி சாயும் வரை அது இறங்கவில்லை. இருநூறு பேரையும் ஒரே குதிரில் இறக்க முடியாது என்பதை மழவராயர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

வெயில் தணிந்த நேரத்தில் செம்படவன் தொண்டன் ஓடிவந்தான். "நாச்சியாரே, வடதுறையில் காலையில் முழங்காலளவு இருந்த தண்ணீர் இப்போது இடுப்புக்கு வந்துவிட்டது. மேலே மதகைத் திறந்திருக்கிறார்கள்."

செம்மண் கலந்த நீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. கொற்றி நங்கை குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தாள். ஐயாறன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அண்ணன் உயிரோடு இருக்கிறான், அவன் சொல் அங்கே ஏறியிருக்கிறது, அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். ஆயிரத்து இருநூறு பேரும் கூடினார்கள். அவர்களில் முந்நூறு பேர் காலையும் தொடையையும் சொறிந்துகொண்டே நின்றார்கள். காரி மேடையேறினான். மூன்று அடி.

"ஏழூர் நாட்டுப் படையினரே, கேளுங்கள். இன்று நாச்சியார் செய்த பிழை: பகைவர் வருவார்கள் என்று எண்ணி முந்நூறு பேரை நேற்று முதல் வடதுறை நாணலில் படுக்கவைத்தார். ஒருவரும் வரவில்லை. கண்டு சொன்னவர், கூகைக்குன்றத்து ஒற்றராக வந்து ஒன்பது நாள் நம் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஐயாறனார்."

ஆயிரத்து இருநூறு முகங்களும் ஒரே பக்கம் திரும்பின. ஐயாறன் தலை குனியாமல் நின்றான். கொற்றி நங்கையும் கூட்டத்தோடு கூட்டமாக, கையைக் கட்டிக்கொண்டு, தன் பிழையைக் கேட்டு நின்றாள்.

முந்நூறு பேரில் ஒருவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும், ஒற்றரே. அட்டைக்கடிக்கு உம்மிடம் மருந்து இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றான் ஐயாறன். கீழே வைத்திருந்த வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தான்.